அத்தை வேண்டாம் என்ற எக்ஸ்ரே

எழுபதுகளின் தொடக்கம். தீபாவளிக்கு முந்தைய மழை நாட்கள். தியாகராய நகரில், பனகல் பூங்காவிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு வீட்டின் மாடிப் போர்ஷனில் நாங்கள் குடியிருந்தோம். நாங்கள் என்றால் நான், என் வீட்டுக்காரர், என் மாமியார் ஆகிய மூவர்தான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து சென்னையில் துணிக்கடை வைத்த குடும்பம். மாமனார் காலமான பிறகு கடையை என் வீட்டுக்காரர்தான் கவனித்துக்கொண்டார். தீபாவளி சமயத்தில் அவர் முகத்தை வீட்டில் பார்ப்பதே அபூர்வம். மத்தியானச் சாப்பாட்டைக்கூட டிபன் கேரியரில் கடைக்குக் கொடுத்தனுப்பிவிடுவோம்.

எனக்கு அப்போது ஏழாம் மாதம், தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்து இரண்டு கைகளிலும் நிறையக் கண்ணாடி வளையல்கள். வழக்கப்படி தாய் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் எனக்கு அம்மா இல்லை. அப்பா மட்டும் ஊரில் தனியாக இருந்தார். "ஆம்பளை ஒத்தையா இருக்க வீட்டுல போயி எப்படிப் பிள்ளை பெறுவ? இங்கயே இரு, நான் பாத்துக்கிடுதேன்" என்று மாமியார் சொல்லிவிட்டார். மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.

அத்தை அதிகம் பேசமாட்டார். கோபப்பட்டும் நான் பார்த்ததில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது, ஏன் என்று காரணமும் வராது. கல்யாணமாகி வந்த புதிதில் அந்த ஒற்றைச் சொல்லுக்கு நான் ரொம்பப் பயப்படுவேன்.

வளைகாப்புக்குப் பிறகு எனக்குச் சாப்பிட்டால் ஒத்துக்கொள்ளவில்லை. நாலு வாய் உள்ளே போவதற்குள் இடது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொள்ளும். அங்கிருந்து வலி இடது தோள்பட்டைக்கு ஏறும். வயிற்றில் குழந்தை, வலிப்பதோ தோளில். என்ன வேடிக்கை என்று நானே நினைத்துக்கொள்வேன். தெருமுனை டாக்டர் வாயுக் கோளாறு என்று மிக்ஸ்சர் மருந்து கொடுத்தார். அத்தை ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுப்பார். கொஞ்ச நேரம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தால் குறையும். அதனால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, நான் உட்பட.

அன்று காலை இட்லி சாப்பிட்டுவிட்டு எழுந்திருக்கும்போது உள்ளே எதையோ பிடித்து முறுக்கியது மாதிரி இருந்தது. ஈரத் துணியைப் பிழிகிறோமே, அப்படி ஒரு முறுக்கு. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்தேன். குமட்டிக்கொண்டு வந்தது. ஆனால் எவ்வளவு ஓங்கரித்தாலும் ஒரு சொட்டு வெளியே வரவில்லை. வெறும் எச்சில்தான். படுக்கப் போனால் மூச்சு முட்டியது.

அத்தை ஓடி வந்தார். என் அடிவயிற்றில் கை வைத்துப் பார்த்தார்.

"இடுப்பு வலியா? விட்டு விட்டு வருதா?"

"இல்ல அத்தே. விடவே மாட்டேங்குது. இங்க…" என்று விலாவைக் காட்டினேன். அதற்கு மேல் பேச மூச்சில்லை.

கீழ் வீட்டுப் பையனை அத்தை கடைக்கு ஓட்டினார். என் வீட்டுக்காரர் ஒரு டாக்சியோடு வந்து சேர்ந்தார். மயிலாப்பூரில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில்தான் எனக்குப் பார்த்துக்கொண்டிருந்தோம். தெருவெல்லாம் முழங்கால் அளவு தண்ணீர். டாக்சி ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் நான் கத்திவிட்டேன். டிரைவர் திரும்பிப் பார்த்தார். காக்கிச் சட்டை போட்ட, நடுவயதுக்காரர்.

"பயப்படாத தாயி. இன்னா அவசரம் இருந்தாலும் வண்டிய ஆட்டாம இட்டுக்கினு போறேன். இத்தோட பள்ளம் கீற ரோட்ல போவ மாட்டேன்" என்றார். சொன்னபடியே சந்து சந்தாகத் திருப்பி, தண்ணீர் நிற்காத வழியாகக் கொண்டுபோய் நர்சிங் ஹோம் வாசலில் விட்டார். எங்களை இறக்கிவிட்டுப் போகவும் இல்லை. "ஒருவேளை வேற ஆஸ்பத்திரிக்குப் போவணும்னா?" என்று வாசலிலேயே வண்டியை ஓரங்கட்டிவிட்டார்.

அந்த நர்சிங் ஹோமை நடத்தியவர் ஒரு லேடி டாக்டர். நாங்கள் டாக்டரம்மா என்போம். குள்ளமாக, காட்டன் புடவையில், எப்போதும் கொஞ்சம் தூக்கக் கலக்கத்தோடு இருப்பவர் போலத் தெரிவார். அன்றைக்கு என்னைப் பார்த்ததும் அந்தக் கண்கள் விழித்துக்கொண்டன.

முதலில் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டார். "குழந்தை நல்லா இருக்கு. இது பிரசவ வலி இல்ல" என்றார். அத்தை பெருமூச்சு விட்டார். டாக்டரம்மா விடவில்லை. ஸ்டெதஸ்கோப்பை என் நெஞ்சுக்கு நகர்த்தினார். வலது பக்கம் கேட்டார், இடது பக்கம் கேட்டார். முதுகுப் பக்கம் வந்து கேட்டார். மறுபடியும் இடது பக்கத்துக்கே வந்தார். அவர் புருவம் சுருங்கியது. நர்சைக் கூப்பிட்டு ஜன்னல் கதவைச் சாத்தச் சொன்னார், மழைச் சத்தம் கேட்காமல் இருக்க. பிறகு கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை கேட்டார்.

"ஒரு படம் எடுக்கணும். நெஞ்சு எக்ஸ்ரே. இங்க மெஷின் இல்ல. ரெண்டு தெரு தள்ளி இருக்கு. இப்பவே போகணும்" என்றார்.

"படம் வேண்டாம்."

அத்தைதான். அதே பழைய 'வேண்டாம்'. அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். "நெஞ்சுக்கு மட்டும்தான்மா எடுக்கப் போறோம். வயித்த ஈயத் தகடு வெச்ச துணியால மூடிடுவாங்க. குழந்தை மேல படாது."

"வேண்டாம்மா. மருந்து குடுங்க, ஊசி போடுங்க. மாசமா இருக்க பிள்ளைக்குப் படம் எடுக்கக் கூடாது."

என் வீட்டுக்காரர் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாமா, டாக்டர்?" என்று இழுத்தார். நான் அந்த மேஜையில் பாதி உட்கார்ந்தும் பாதி சாய்ந்தும் கிடந்தேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு அத்தை மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. என் அம்மா உயிரோடு இருந்திருந்தால் இப்படிப் பிடிவாதம் பிடிப்பாளா என்றுகூட நினைத்தேன். வயிற்றில் இருக்கும் பேரப்பிள்ளைதான் பெரிது, நான் செத்தாலும் பரவாயில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். குமட்டலோடு அழுகையும் சேர்ந்துகொண்டது.

டாக்டரம்மாவின் இடத்தில் வேறு யாராக இருந்திருந்தாலும் கத்தியிருப்பார். 'நீங்க வெளியே போங்க' என்று அத்தையை அனுப்பிவிட்டு மகனிடம் கையெழுத்து வாங்கியிருப்பார். அவர் அதைச் செய்யவில்லை. நர்சிடம் எக்ஸ்ரே நிலையத்துக்குப் போன் போட்டுத் தயாராக இருக்கச் சொல்லும்படி கை காட்டினார். அந்த அவசரத்திலும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அத்தைக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"ஏன் வேண்டாம்னு சொல்றீங்கம்மா? உங்களுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

'என்ன பயம்' என்று கேட்கவில்லை. 'என்ன ஆச்சு' என்றுதான் கேட்டார். அது எப்படி அவருக்குத் தோன்றியது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அத்தை தலையைக் குனிந்துகொண்டார். முந்தானையை எடுத்து விரலில் சுற்றினார். மகன் பக்கம் ஒரு முறை பார்த்தார். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"எனக்கும் எடுத்தாங்க. இவனுக்குப் பொறவு ஒரு பிள்ளை உண்டாயிருந்தேன். எட்டு மாசம். அசைவு சரியில்லன்னு பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. படம் எடுக்கணும்னாங்க. எங்க மாமியா கூடவே கூடாதுன்னு சொன்னாங்க. நான்தான், டாக்டர் சொல்லுதாரேன்னு சரின்னு தலையாட்டுனேன். எடுத்து ஒரு வாரத்துல பிள்ளை செத்துப் பொறந்துச்சு. பொம்பளப் பிள்ளை. எங்க மாமியா சாகுத வரைக்கும் அதச் சொல்லிக் காட்டிக்கிட்டேதான் இருந்தாங்க. அவுக சொன்னதுல என்ன தப்பு? தலையாட்டுனது நான்தானே."

என் வீட்டுக்காரர், "அம்மா…" என்று மட்டும் சொன்னார். தனக்கு ஒரு தங்கை இறந்து பிறந்தாள் என்பதே அவருக்கு அந்த நிமிஷம் வரைக்கும் தெரியாது.

டாக்டரம்மா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அசைவு சரியில்லன்னுதானே கூட்டிட்டுப் போனாங்க? அப்படின்னா என்னம்மா அர்த்தம்? குழந்தை ஏற்கெனவே நல்லா இல்ல. அதனாலதான் படம் எடுக்கச் சொல்லியிருக்காங்க. படம் எடுத்ததால குழந்தை போகல. ஒரு படத்தால வயித்துக் குழந்தை அப்படிப் போகாது. நீங்க தலையாட்டினதால ஒண்ணுமே நடக்கலம்மா. மாட்டேன்னு சொல்லியிருந்தாலும் அந்தக் குழந்தை தங்கியிருக்காது."

அத்தை நிமிர்ந்து அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையை எனக்கு எழுத வரவில்லை. இத்தனை வருஷமாக யாரும் அவரிடம் அதைச் சொன்னதே இல்லை. சொல்லவேண்டும் என்றால் முதலில் அவர் யாரிடமாவது வாயைத் திறந்திருக்க வேண்டுமே.

"இப்ப இதக் கேளுங்க" என்று டாக்டரம்மா எழுந்தார். ஸ்டெதஸ்கோப்பைத் தன் கழுத்திலிருந்து எடுத்து அத்தையின் காதில் மாட்டினார். மறுமுனையை என் இடது நெஞ்சில், விலாவுக்கு மேலே வைத்தார். "என்ன கேக்குது?"

அத்தை உன்னிப்பாகக் கேட்டார். "கொடகொடன்னு சத்தம் கேக்குது. சோத்துப் பானை கொதிக்கிற மாதிரி."

டாக்டரம்மா அதை வலது பக்கத்துக்கு மாற்றினார். "இங்க?"

"காத்துச் சத்தம். மூச்சு விடுதா."

"மூச்சுச் சத்தம்தான் ரெண்டு பக்கமும் கேக்கணும். கொடகொடன்னு கேக்குறது வயித்துச் சத்தம். உங்க மருமகளோட இரைப்பை நெஞ்சுக்குள்ள ஏறிப் போயிருக்கோன்னு எனக்குச் சந்தேகம். நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல ஒரு தசை இருக்கு, வீட்டுக்குத் தளம் மாதிரி. சில பேருக்கு அதுல பிறவியிலயே ஓட்டை இருக்கும். இத்தன நாள் ஒண்ணும் பண்ணல. இப்ப குழந்தை வளர்ந்து கீழேருந்து தள்ளுது. அப்படித்தான் இருக்கும்னு நினைக்கிறேன். நான் புஸ்தகத்துல படிச்சிருக்கேன், நேர்ல பார்த்ததில்ல. அதனால கண்ணால பார்க்காம ஆபரேஷனுக்கு அனுப்ப எனக்குத் தைரியம் இல்ல. நான் நினைக்கிறது சரியா இருந்தா, விட்டு வெச்சா ரெண்டு உசிரும் போயிடும்."

புஸ்தகத்தில் படித்ததுதான், நேரில் பார்த்ததில்லை என்று ஒரு டாக்டர் வாய்விட்டுச் சொன்னதை அதற்கு முன்பும் நான் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. அவர் மேல் எனக்கு நம்பிக்கை வந்ததே அந்தச் சொல்லால்தான் என்று நினைக்கிறேன்.

அத்தை ஸ்டெதஸ்கோப்பைக் காதிலிருந்து கழற்றினார். "எடுங்க. ஆனா நானும் கூட வருவேன்" என்றார்.

டாக்சிக்காரர் கதவைத் திறந்துகொண்டு நின்றார். போகும் வழியெல்லாம் அத்தை என்னைத் தன் மேல் சாய்த்துக்கொண்டு, ஒரு கையால் என் வயிற்றைக் கீழேயிருந்து தாங்கிப் பிடித்திருந்தார். டாக்டரம்மா முன் சீட்டில். பின் சீட்டில் நான் காலை நீட்டிச் சாய்ந்திருந்ததால் என் வீட்டுக்காரருக்கு இடமில்லை. அவர் மழையில் வண்டிக்குப் பின்னாலேயே ஓடி வந்தார். கடையிலிருந்து போட்டுக்கொண்டு வந்த வெள்ளை வேட்டி சட்டை சேறும் தண்ணீருமாக அவர் வந்து நின்ற கோலத்தைப் பிற்காலத்தில் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். அன்று யாரும் சிரிக்கவில்லை.

எக்ஸ்ரே அறை இருட்டாக, மருந்து நெடியோடு இருந்தது. படம் எடுப்பவர் என்னை நிற்கச் சொன்னார். படுத்துக்கொண்டு எடுத்தால் தெரியவேண்டியது தெரியாதாம். எனக்கோ காலே தரையில் நிற்கவில்லை. யாராவது பக்கத்தில் நின்று தோளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "நீங்க வாங்க சார்" என்றார்.

"அவன் வேண்டாம். சின்ன வயசு, இன்னும் பிள்ளைங்க பெறணும். நான் பிடிக்கேன்" என்று அத்தை முன்னால் வந்தார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டாக்டரம்மா அவ்வளவு சொன்ன பிறகும் அத்தைக்கு எக்ஸ்ரே மேல் பயம் போகவில்லை. பயம் அப்படியேதான் இருந்தது. அதை வைத்துக்கொண்டேதான் உள்ளே வந்தார்.

ஈய அங்கி ஒன்றை என் வயிற்றை மூடிக் கட்டினார்கள். அத்தைக்கும் ஒன்று போட்டார்கள். ஒல்லியான உடம்பு அவருக்கு. அந்தக் கனத்தில் தோள் இரண்டும் இறங்கிப்போயின. படம் எடுப்பவர் கழுத்துச் சங்கிலியைக் கழற்றச் சொன்னார். தாலியாயிற்றே என்று நான் தயங்கினேன். அத்தை சங்கிலியை மேலே தூக்கி, தலைக்குப் பின்னால் கொண்டுபோய் என் கொண்டையில் செருகினார். "போதுமாய்யா?" என்றார். "போதும்மா" என்றார் அவர்.

பலகையில் முதுகைச் சாய்த்து நின்றேன். "மூச்ச இழுத்துப் பிடிங்க" என்று கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. இழுக்க எனக்கு மூச்சு இருந்தால்தானே? அத்தை என் தோளை இன்னும் இறுக்கிப் பிடித்தார். காதோரம், "கொஞ்சம் தாயி. கொஞ்சமே கொஞ்சம்" என்றார். அவர் என்னைத் தாயி என்று கூப்பிட்டது அன்றுதான் முதல் தடவை.

படத்தைக் காயவைக்க நேரமில்லை. கம்பிச் சட்டத்தில் மாட்டியபடியே, ஈரம் சொட்டச் சொட்டக் கொண்டுவந்தார்கள். அந்த நிலையத்தின் டாக்டர் வயதானவர், மயிலாப்பூர்க்காரர். நெற்றியில் விபூதி. விளக்குப் பெட்டியில் படத்தை வைத்துப் பார்த்துவிட்டு அவர் சத்தமாக, "அடடா!" என்றார்.

எங்களையும் பார்க்கச் சொன்னார். வலது பக்கம் விலா எலும்புகளுக்கு நடுவே கறுப்பாக, சீராக நுரையீரல். இடது பக்கத்தில் அது இருக்கவேண்டிய இடத்தில் பெரிய பலூன் மாதிரி ஒரு வட்டம். அதன் மேல் பாதி கறுப்பு, கீழ்ப் பாதி வெள்ளை, நடுவே கோடு போட்ட மாதிரி மட்டமாக. இதயம்கூட வலது பக்கமாக ஒதுங்கியிருந்தது.

"மேல காத்து, கீழ தண்ணி. இது இரைப்பையா இருக்கலாம். நெஞ்சுல சீழ் கட்டிண்டிருந்தாலும் இப்படித் தெரியும். சீழ்னு நினைச்சுண்டு யாராவது ஊசியால குத்திட்டா, குத்தினது இரைப்பையா இருந்துட்டா, அவ்வளவுதான். நிச்சயமாத் தெரியணும்" என்றார் அவர். "மூக்கு வழியா ஒரு டியூப் விடுங்கோ. அது எங்க போய் உக்காந்துண்டிருக்குன்னு இன்னொரு படம் எடுத்துப் பார்த்துடலாம்."

இன்னொரு படம் என்றதும் எல்லோரும் அத்தையைப் பார்த்தோம்.

"எடுங்கய்யா. நான்தான் பிடிக்கேன்லா" என்றார். ஈய அங்கியை அவர் இன்னும் கழற்றியிருக்கவில்லை.

டியூப் விட்டதைப் பற்றி எழுத வேண்டாம். இரண்டு முறை தடுக்கி, மூன்றாவது முறைதான் டாக்டரம்மாவின் கைக்கு அது வழிவிட்டது. உள்ளே போனதும் புஸ்ஸென்று காற்றும், கூடவே காலையில் சாப்பிட்டதும் வந்தன. இத்தனை நேரமாக நெஞ்சின் மேல் உட்கார்ந்திருந்த எதுவோ கொஞ்சம் எழுந்து நகர்ந்தது மாதிரி இருந்தது. முழு மூச்சு ஒன்று விட்டேன். அந்த ஒரு மூச்சின் ருசி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

இரண்டாவது படத்தில் அந்த டியூப் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. தொண்டை வழியாக இறங்கி, வயிற்றுக்குப் போகவேண்டியது, இடது நெஞ்சுக்குள் ஏறி, சுருண்டு கிடந்தது. அதற்கு மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை. டாக்டரம்மா அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். தான் நினைத்தது சரியாகிவிட்டது என்ற சந்தோஷம் அவர் முகத்தில் இல்லை. கவலைதான் இருந்தது.

அங்கிருந்து அப்படியே பெரிய ஆஸ்பத்திரிக்கு. அதே டாக்சி. டாக்டரம்மாவும் கூடவே வந்து, ஈரப் படங்களைத் தன் மடியில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரி வாசலில் என்னை ஸ்ட்ரெச்சரில் மாற்றும்போது டிரைவர் என் தலைக்கு நேராகத் தன் துண்டை விரித்துப் பிடித்தார், மழை முகத்தில் விழாமல். "நல்லபடியா ரெண்டு பேரா வூட்டுக்கு வருவே, போ" என்றார். பிறகு அவரை நாங்கள் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் பனகல் பூங்கா டாக்சி ஸ்டாண்டில் பல நாள் தேடியும் கிடைக்கவில்லை.

ஆபரேஷன் நீண்ட நேரம் நடந்ததாம். எனக்கு ஒன்றும் தெரியாது. விலா வழியாகத் திறந்து, முறுக்கிக்கொண்டிருந்த இரைப்பையை விடுவித்துக் கீழே இறக்கி, ஓட்டையைத் தைத்து மூடினார்கள். இரைப்பை கறுக்க ஆரம்பித்திருந்தது, விடுவித்ததும் நல்ல நிறம் திரும்பியது, இன்னும் தாமதித்திருந்தால் அழுகியிருக்கும் என்று பிறகு ஆபரேஷன் செய்த டாக்டர் சொன்னார். மயக்கம் தெளிந்து நான் கண் விழித்தபோது விலாவில் ஒரு குழாய், மூக்கில் ஒரு குழாய். வாயைத் திறந்து கேட்க முடியவில்லை. கையை மட்டும் வயிற்றின் மேல் கொண்டுபோனேன்.

பக்கத்தில் இருந்த அத்தை புரிந்துகொண்டார். "இருக்கு. உள்ள உதைக்கு. இப்பத்தான் நர்சு கேட்டுட்டுப் போச்சு" என்றார். அதைச் சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தார். அத்தை அழுது நான் பார்த்தது அதுவே முதல் முறை. பக்கத்துக் கட்டில்காரி, அடையாற்றங்கரைக் குடிசையிலிருந்து வந்தவள், எழுந்து வந்து அவர் முதுகைத் தடவிக் கொடுத்தாள். "இன்னாத்துக்கு அழுவுற? அதான் ரெண்டு உசிரும் நல்லா கீதே" என்றாள். அத்தை தலையை ஆட்டினார். ஆனாலும் அழுகை நிற்கவில்லை. அந்த அழுகையில் எவ்வளவு எனக்காக, எவ்வளவு அந்தப் பழைய குழந்தைக்காக என்று அவருக்கே தெரிந்திருக்காது.

வார்டில் இருந்த நாட்களில் மத்தியான வேளைகளில் அத்தை பேச ஆரம்பித்தார். யாரும் கேட்காமல், கஞ்சியை ஆற்றிக்கொண்டே, தானாக. அந்தப் பெண் குழந்தைக்கு நிறைய முடி இருந்ததாம். காது இரண்டும் அத்தையின் அம்மாவைப் போலவே இருந்ததாம். ஒரு தடவை மடியில் வாங்கிப் பார்க்கிறேன் என்றதற்குக் கொடுக்கவில்லையாம். பால் கட்டிக்கொண்டு நெஞ்சு நெருப்பாக எரிந்ததாம். "ஒரு பேருகூட மனசுல வச்சிருந்தேன்" என்றார். என்ன பேர் என்று கேட்டேன். சொன்னார். அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. அது அவருடையது.

இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்த மகனிடம் சொல்லாததை, வந்து இரண்டு வருஷம்கூட ஆகாத என்னிடம் சொன்னார். 'வேண்டாம்' என்ற ஒரு சொல்லை வைத்து அவரை நான் எடைபோட்டு வைத்திருந்தேனே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த மேஜையில் கிடந்தபோது மனசுக்குள் அவரைப் பற்றி நினைத்ததையெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு நாள் வாயைத் திறந்தேன். "என்னத்த நினைச்சிருப்பன்னு எனக்குத் தெரியாதா? அந்த வலியில யாரா இருந்தாலும் நினைக்கத்தான் செய்வாங்க. கஞ்சியக் குடி" என்று முடித்துவிட்டார்.

முக்கித் தள்ளக்கூடாது, தையல் தாங்காது என்பதால் ஒன்பதாம் மாதம் வயிற்றைத் திறந்துதான் குழந்தையை எடுத்தார்கள். பையன். டாக்டரம்மாவே வந்து கூட இருந்தார். குழந்தையைத் துடைத்து முதலில் அத்தையின் மடியில்தான் வைத்தாராம். அவர் அதை நினைத்துச் செய்தாரா, தற்செயலா என்று நான் கேட்கவில்லை. அத்தை குழந்தையைத் தர மனமில்லாமல் ரொம்ப நேரம் வைத்துக்கொண்டிருந்ததாக என் வீட்டுக்காரர் சொன்னார்.

இன்றைக்கு எக்ஸ்ரே என்றால் யாரும் பயப்படுவதில்லை. வயிற்றில் இருக்கும் குழந்தையை ஸ்கேன் திரையில் பார்த்துச் சிரிக்கிறார்கள். நான் பிழைத்ததற்குக் காரணம் அந்த இரண்டு படங்கள்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் படங்களை எடுக்கவே முடியாமல் போயிருக்கும், ஒரு டாக்டர் தன் அவசரத்தை ஓரமாக வைத்துவிட்டு, பிடிவாதக்காரி என்று எல்லோரும் நினைத்த ஒரு பெண்ணின் எதிரில் உட்கார்ந்து கேட்காமல் இருந்திருந்தால்.

அத்தை இப்போது இல்லை. எனக்கும் மருமகள் வந்தாயிற்று. யாராவது காரணம் சொல்லாமல் 'வேண்டாம்' என்று சொல்லும்போது அவர்களோடு வாதாட இன்றுவரை எனக்கு நாக்கு எழுவதில்லை, 'உங்களுக்கு என்ன ஆச்சு?' என்று கேட்கத்தான் தோன்றுகிறது.